அல்தாவா: மறைமாவட்டமே இல்லாத ஊருக்கு ஆயர் எதற்கு?

சந்தேகசாமி: அல்ஜீரியாவில் திலெம்சானுக்குக் கிழக்கே ஊலெத் மிமூன். பழைய அல்தாவா அங்கேதான். மறைமாவட்டம் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி) மறைந்து நூற்றாண்டுகள் ஆயிற்று; வத்திக்கான் பட்டியலில் மட்டும் 'அல்தாவா ஆயர்' பட்டம் இருக்கிறது. ரோமர் போட்ட படை முகாமைச் சிலர் 'பெர்பர் நகரம்', அதாவது வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளின் நகரம், என்பதும் எனக்கு ஒட்டவில்லை.

கல்வெட்டுப்பித்தன்: முகாமாகத் தொடங்கியது சரி. ஆனால் அங்கே கிடைத்த மசூனா கல்வெட்டைப் பாருங்கள். 'மூர் குடிகளுக்கும் ரோமருக்கும் அரசன்' (மூர் என்றால் பெர்பர்தான்) மசூனாவின் நலனுக்காகக் கோட்டை எழுப்பியிருக்கிறார்கள். அதில் வரும் அதிகாரிகள் மஸ்கிவின், இய்திர், மாக்சிமுஸ். இய்திர் சுத்தமான பெர்பர் பெயர், 'வாழ்கிறான்' என்று பொருள். அல்ஜீரியாவின் பெர்பர் பகுதியான கபிலியாவில் இன்றும் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள்.

சந்தேகசாமி: கல்லில் ஆண்டு 469. அப்போது ரோமப் பேரரசு இருந்ததே?

கல்வெட்டுப்பித்தன்: எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். அது கி.பி. இல்லை, ரோமரின் மவுரேத்தானியா மாகாணம் தொடங்கியதிலிருந்து எண்ணும் ஆண்டு. 39 கூட்டுங்கள்: 508. கூட்டாமல் விட்டால் கார்த்தேஜில் வண்டல் அரசன் கெய்செரிக் காலம் என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் அது பின்வந்த வண்டல் அரசன் திராசமுண்ட் காலம். மேற்கு ரோமின் கடைசிப் பேரரசன் போய் 32 வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் லத்தீனில், பழைய மாகாணக் கணக்கிலேயே வெட்டுகிறார்கள்!

பொன்னி: ஆயர் பட்டத்துக்கு வருகிறேன். இடம் சொல்லாமல் யாருக்கும் திருநிலைப்பாடு (குருவாகவோ ஆயராகவோ நியமிக்கும் சடங்கு) கூடாது என்று கால்செதோன் திருச்சபைச் சங்கம் 451-லேயே விதித்தது (6-ஆம் விதி). துணை ஆயருக்கும் திருத்தந்தையின் (போப்பின்) தூதருக்கும் சொந்த மறைமாவட்டம் கிடையாது. அதனால் மறைந்துபோன ஒன்றின் பெயரைக் கொடுக்கிறார்கள். அதிகாரம் துளியும் வராது. ஊலெத் மிமூனுக்கு ஒரு குருவை அனுப்ப வேண்டுமானால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஒரான் ஆயர்தான் அனுப்ப முடியும். பட்டம் பெற்றவர் வேறிடத்தில் மறைமாவட்ட ஆயராகப் பொறுப்பேற்றதும் அல்தாவா காலியாகிவிடும், அடுத்தவருக்குப் போகும்.

சந்தேகசாமி: விதி சரி, புழக்கம்? 1995-இல் பிரான்சின் எவ்ரே ஆயர் ழாக் கையோவைப் பதவியிலிருந்து இறக்கி, இதேபோல் மறைந்துபோன பார்த்தேனியாவின் பட்டத்தைக் கையில் கொடுத்தார்களே. தண்டனைக் கிடங்கா இது?

பொன்னி: இறக்கியது தண்டனை என்றால் மறுக்கமாட்டேன். ஆயர் நிலையைப் பறிக்காமல் மறைமாவட்டத்தை மட்டும் எடுத்தால் வேறொரு பெயர் கொடுத்தாக வேண்டும், அவ்வளவே. அவரோ அதையே இணையத்தில் எல்லையில்லா மறைமாவட்டமாக்கிவிட்டார்!

கல்வெட்டுப்பித்தன்: புனித அகுஸ்தீன் ஆயராக இருந்த ஹிப்போவை இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். அந்தப் பெயர் அல்ஜீரியாவில் இன்றும் இருக்கும் கான்ஸ்டன்டைன் மறைமாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

சந்தேகசாமி: 39 கணக்கை ஏற்கிறேன். கையோ விஷயத்தில் இல்லை.