புதுப்பிப்பு: ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய பிழைகளைத் திருத்தாதது கோழைத்தனமா?

போன இழையில் கொஞ்சம் காட்டமாகவே எழுதிவிட்டேன். வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் 'டைப்ஆஃப் நல்' (அதாவது, 'எதுவுமில்லை' என்ற மதிப்பு என்ன வகை) என்று கேட்டால் 'ஆப்ஜெக்ட்' (பொருள்) என்று பதில் வருகிறதே, 1995-இலிருந்து தொடரும் இந்தத் தவறை, மொழியின் விதிகளை வகுக்கும் தரநிலைக் குழு திருத்தாமல் விட்டது கோழைத்தனம் என்றேன். அதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மனதை மாற்றியது 2018-இல் நடந்த ஃப்ளாட்டன் விவகாரம். அரேக்குள் அரேயாக (பட்டியலுக்குள் பட்டியலாக) இருப்பதைத் தட்டையாக்க, 'ஃப்ளாட்டன்' என்ற பெயரில் ஒரு மெத்தடை, அதாவது ஆயத்தச் செயல்பாட்டை, மொழியில் சேர்க்கப் பார்த்தார்கள். ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் வந்ததுமே ஒரு தளம் உடைந்தது. காரணம், மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி (தளங்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு). அது அரேயில் தன் சொந்த ஃப்ளாட்டனைச் செருகிவிட்டு, பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் ஃபார்-இன் லூப்பை ஓட்டி, மெத்தடுகளைத் தன் 'எலிமென்ட்ஸ்' என்ற வகைக்கு நகலெடுக்கும். பிரவுசரிலேயே அந்தப் பெயர் இருந்துவிட்டால், அதன் மேல் மூடூல்ஸ் தன்னுடையதை எழுதினாலும் அது லூப்பின் கண்ணில் படாது. நகல் போகாது, தளம் காலி. புதிதாக ஒரு பெயரைச் சேர்த்ததற்கே இந்தக் கதி என்றால், பழையதைத் திருத்தக் குழு தயங்குவது புரிகிறது. யாரைக் குற்றம் சொல்வது?

(ஃப்ளாட்டனுக்குப் பதில் 'ஸ்மூஷ்' என்று பெயர் வைக்கலாம் என்ற கிண்டலை நிஜமென்று நம்பிப் பலர் கொதித்தது தனிக் கூத்து.) கடைசியில் மொழியின் 2019 பதிப்பில் அந்த மெத்தட் 'ஃப்ளாட்' என்ற பெயரில் வந்தது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. 2015-இல் மாட்யூல்கள் (நிரலைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து இணைக்கும் வழி) வந்தபோது அவற்றுக்குள் ஸ்ட்ரிக்ட் மோடை, அதாவது கண்டிப்பான விதிகளைக் கொண்ட முறையை, கட்டாயமாக்கினார்கள். பழைய நிரல்கள் இல்லாத அந்தப் புது வாசலிலேயே டைப்ஆஃபையும் சரிசெய்திருக்கலாம். அது இன்னும் உறுத்துகிறது.