விண்டோஸ் டிரைவில் உள்ள ஸ்டீம் கேம்கள் லினக்ஸில் திறக்கவில்லை. டிஸ்ட்ரோவை (லினக்ஸ் வகையை) மாற்ற வேண்டுமா?

புதுவரவு:
விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என் கணினிக்கு விண்டோஸ் 11 ஏறாது. அதனால் லினக்ஸ் மின்ட் 22 போட்டிருக்கிறேன்; விண்டோஸையும் ஓரமாக விட்டுவைத்திருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060. மற்ற வேலையெல்லாம் நன்றாக நடக்கிறது, சிக்கல் கேம்களில்தான். பழைய கேம்கள் எல்லாம் தனி ஹார்டு டிஸ்க்கில், என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷனில் இருக்கின்றன. அந்த ஃபோல்டரை கேம் கடைச் செயலியான ஸ்டீமில் சேர்த்ததும் பட்டியலில் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் 'ப்ளே' அழுத்தினால் சில நொடி ஓடுவதுபோல் காட்டிவிட்டு மறுபடி 'ப்ளே' என்றே நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. எஸ்எஸ்டியில் புதிதாக இறக்கிய ஒரு சின்ன கேம் மட்டும் ஓடுகிறது. வேறு டிஸ்ட்ரோ போட்டால் சரியாகுமா? ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் இரண்டுக்கும் வழி உண்டா?

டெர்மினல்வாசி:
டிஸ்ட்ரோவை மாற்றாதீர்கள் நண்பரே. எதைப் போட்டாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். எஸ்எஸ்டியில் ஓடுகிறது, ஹார்டு டிஸ்க்கில் ஓடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அங்கேயே இருக்கிறது.

விண்டோஸ் கேமைத் திறக்கும்போது ப்ரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீமின் கருவி) அதற்கென்று ஒரு பொய் சி டிரைவை உருவாக்கும். அது அதே டிஸ்க்கில், 'காம்ப்டேட்டா' என்ற ஃபோல்டருக்குள் உட்காரும். அதற்குள்ளே 'சி:', 'இஸட்:' என்று முக்காற்புள்ளியோடு முடியும் சிம்லிங்க்குகள் (வேறு இடத்தைச் சுட்டும் இணைப்பு ஃபைல்கள்) இருக்கும். ஃபைல் பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. என்டிஎஃப்எஸ்ஸில் அவை உருவாகாமல் போகலாம், அல்லது உருவான பிறகு விண்டோஸ் பக்கம் போனால் டிஸ்க் பழுது என்று அது பிடித்துக்கொள்ளும். உங்கள் கேம் சத்தமில்லாமல் மூடிக்கொள்ள முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னொன்றும் பாருங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை. அந்த நிலையில் லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். எழுத முடியாத இடத்தில் ப்ரோட்டான் என்ன செய்யும்? ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை முதலில் ஆஃப் செய்யுங்கள்.

அப்புறம், முக்கியமானவற்றை பேக்கப் எடுத்துக்கொண்டு, ஜிபார்ட்டெட் என்ற டிஸ்க் பிரிக்கும் கருவியில் அந்த என்டிஎஃப்எஸ்ஸைச் சுருக்கி, காலியான இடத்தில் லினக்ஸின் ஃபைல் அமைப்பான ஈஎக்ஸ்டி4-இல் ஒரு பார்ட்டிஷன் போடுங்கள். புது பார்ட்டிஷன் ரூட் (நிர்வாகி) பெயரில் இருக்கும். உரிமையை உங்கள் யூசருக்கு மாற்றினால்தான் ஸ்டீம் அதில் எழுதும். பலர் இங்கேதான் திணறுகிறார்கள். பிறகு ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கம் போய் கேம்களை அங்கே நகர்த்துங்கள். மறுபடி டவுன்லோடு தேவையில்லை. லினக்ஸ் பதிப்பும் உள்ள கேமாக இருந்தால் மட்டும் ஸ்டீம் அதை இறக்கப் பார்க்கும். வேண்டாம் என்றால் அந்த கேமின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி போய் ப்ரோட்டானைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

கிளவுட் சேவ் இல்லாத கேம்களின் பழைய சேவ்கள் தானாக வராது. அதற்கும் வழி உண்டு: காம்ப்டேட்டாவில் கேமின் எண் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே ஒரு சி டிரைவ், அதில் 'ஸ்டீம்யூசர்' என்ற பயனர். விண்டோஸில் டாக்குமென்ட்ஸில் இருந்த சேவ் ஃபைலை இவருடைய டாக்குமென்ட்ஸில் போடுங்கள். பல மாதம் ஆடிச் சேர்த்ததை யாரும் இழக்கக் கூடாது. ஒரு முறை கேமைத் திறந்து மூடிய பிறகு காப்பி செய்யுங்கள், அப்போதுதான் அந்த ஃபோல்டர்கள் உருவாகியிருக்கும்.

பென்குயின்ரசிகை:
ஆன்லைன் கேம் பற்றி நான் சொல்கிறேன். ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்களான ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டுமே 2021-லிருந்து ப்ரோட்டானில் ஓடும். ஆனால் கேம் செய்தவர்கள் அதை அனுமதிக்க வேண்டும். ஃபோர்ட்நைட்டில் அனுமதிக்கவில்லை. ஏபெக்ஸ் முன்பு ஓடியது, 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸைத் தடுத்துவிட்டார்கள். சீட் செய்பவர்களைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். நேர்மையாக ஆடியவர்களும் சேர்ந்து வெளியே போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். இதைச் சுற்றிப் போக யாராவது குறுக்குவழி சொன்னால் தொடாதீர்கள், அக்கவுன்ட் போய்விடும். அந்த இரண்டுக்கும் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆதரவு முடிந்துவிட்டதால் அதில் வங்கி வேலை வேண்டாம். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. எந்த கேமையும் வாங்கும் முன், எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்கள் எழுதும் ப்ரோட்டான்டிபி தளத்தில் உங்கள் கார்டு வைத்திருப்பவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

டெர்மினல்வாசி:
கார்டு பற்றி ஒன்று விட்டுப்போனது. 1060 பாஸ்கல் தலைமுறை. அதை ஆதரிக்கும் கடைசி என்விடியா டிரைவர் வரிசை 580. மின்ட்டின் டிரைவர் மேனேஜர் காட்டுவதையே போடுங்கள். புதிது என்று அதற்கு மேல் உள்ளதை வெளியிலிருந்து எடுத்துப் போட்டால் திரை வராமல் போகலாம்.

புதுவரவு:
ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில்தான் இருந்தது, அணைத்துவிட்டேன். ஈஎக்ஸ்டி4-க்கு ஒரு கேமை நகர்த்தியதும் முதல் முறை வல்கன் ஷேடர்கள் (கேமின் கிராஃபிக்ஸ் நிரல்கள்) தயாராகிறது என்று கொஞ்ச நேரம் காட்டியது, பிறகு திறந்துவிட்டது! சேவும் அப்படியே வந்தது. மற்றதை இரவில் நகர்த்துகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.