ஒரு வார்த்தையில முடியுற ரகசியத்தை 300 பக்கம் இழுக்கலாமா?

சிப்புட் வாசகி:
மலாயாவுல ஜப்பான்காரன் ஆட்சி முடிஞ்ச கையோட நடக்கிற ரப்பர் தோட்டத்துக் காதல் கதை ஒண்ணு படிச்சிட்டிருக்கேன். பேரு வேணாம், எழுதினவரை நோகடிக்க மனசில்ல. ஆளுங்க அச்சு அசலா நம்ம லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஆளுங்க. அரிசியை மண்ணெண்ணெய் டின்னுல ஒளிச்சு வச்சுட்டு மருமகளுக்கு மரவள்ளிக்கிழங்கு அவிச்சுப் போடுற மாமியார். ஜப்பான்காரனுக்குப் பேர்ப்பட்டியல் எழுதிக் குடுத்த அதே கையால வெள்ளைக்கார துரைக்குச் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) எழுதுற கிராணி, அதான் தோட்டத்துக் குமாஸ்தா. நாயகி விடியக்காலைல தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, ஒட்டுப்பால் (உறைஞ்ச ரப்பர் பால்) நாத்தத்தோட, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வர்றா. அழகின்னு ஒரு வரி கிடையாது. எனக்கு அதுவே போதும்.

கோளாறு நாயகன்தான். 1943-ல அவ புருஷனோட, ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போனவன். அந்த ஆளு காலராவுல செத்ததைக் கண்ணால பார்த்தவன். திரும்பி வந்து அவளையே விரும்புறான், ஆனா விஷயத்தைச் சொல்ல மாட்டேங்கிறான்! அவ தாலியோட காத்துக் கிடக்கிறா. இவன் வாயைத் திறந்தா தண்டல் (கங்காணி) கூப்பிடுவாரு, இல்லாட்டி மழை கொட்டும். உங்களுக்கும் எரிச்சல் வருமா?

தைப்பிங் தம்பி:
மழை மேல கோவப்படுங்க அக்கா, அவன் மேல வேணாம். எங்க தாத்தா சயாம் போய் வந்தவர். பொம்பளைங்க வந்து "எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா"ன்னு கேட்டா, "நான் வேற கேம்ப்பும்மா"ன்னு சொல்லிடுவாராம். 415 கிலோமீட்டர் பாதை, வழி நெடுக கேம்ப்பு. அந்தப் பொய் எடுபடும். காலரா கேம்ப்புல கடைசி நாள் எப்படி இருந்துச்சுன்னு ஒரு பொண்டாட்டி முகத்தைப் பார்த்து யாரால சொல்ல முடியும்?

பழைய லயம்:
அது சரி தம்பி, ஆனா லயத்துல ரகசியமா? பலகைச் சுவரு, அதுவும் கூரை வரைக்கும் எட்டாது. இந்த வீட்ல இருமினா அடுத்த வீட்ல தூக்கம் கெடும். ஒரு தோட்டத்துல இருந்து கூட்டமா ஏத்திட்டுப் போனானுங்க, திரும்பி வந்தவன் இவன் ஒருத்தன்தானா? நான் எழுதியிருந்தா லயத்துக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அவ குடத்தோட குழாயடிக்கு வந்ததும் பேச்சு நின்னுடும். ஒருத்தன் நெஞ்சுல மட்டும் பூட்டி வச்சிருக்கிறது எழுத்தாளர் வசதிக்கு.

சிப்புட் வாசகி:
அண்ணே, நீங்க சொன்னதும் மாமியார் மேல சந்தேகம் வருது. மகன் செத்துட்டான்னு ஆயிட்டா மருமக அண்ணன் வீட்டோட போயிடுவா. அவ ரப்பர் மரம் சீவிக் கொண்டு வர்ற சம்பளமும் போயிடும். அந்தக் கிழவிக்கு முன்னமே தெரியும், அவதான் இவன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்னு வந்தா நாயகனை மன்னிச்சிடுவேன். அரிசி டின்னுக்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும்.

தைப்பிங் தம்பி:
கதை 1948 வரைக்கும் போகுதா? ஜூன் 16-ல நம்ம சுங்கை சிப்புட் பக்கம் கம்யூனிஸ்ட்டுங்க மூணு துரைமாரைச் சுட்ட பிறகு, யார் வீட்டு அரிசி காட்டுக்குள்ள அவங்களுக்குப் போகுதுங்கிறதுதான் ரகசியம். வெளியே வந்தா வெள்ளைக்காரன் ஜெயில்ல தூக்கிப் போட்டுடுவான். அதை 300 பக்கம் இழுத்தாலும் நான் ஏன்னு கேட்க மாட்டேன்.

சிப்புட் வாசகி:
இல்ல தம்பி, இன்னும் 46-லயே நிக்குது. இப்பக்கூட மழைதான். எந்தக் கதைன்னு கண்டுபிடிச்சவங்க முடிவைச் சொல்லிடாதீங்க, 80 பக்கம் மிச்சமிருக்கு.