லூய்கிஸ் மேன்ஷன் 3 கேசட் மதுரையில் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். நாங்கள் திருநகரில் இருக்கிறோம். 2019-ல் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு வந்த லூய்கிஸ் மேன்ஷன் 3 என்ற வீடியோ கேமைத் தேடுகிறேன், பழைய கேசட்டே போதும். தங்கச்சி மகளுக்குப் பேய் என்றாலே பயம். ஆனால் இதன் வீடியோவைப் பார்த்ததிலிருந்து இதே பேச்சுதான். கேமின் நாயகன் லூய்கியும் பயந்தாங்கொள்ளி; நடுங்கிக்கொண்டே டார்ச் அடித்துப் பேயைத் திகைக்கவைத்து, முதுகில் மாட்டிய வாக்குவம் கிளீனரால் இழுத்துத் தரையில் டமார் டமார் என்று அடிப்பார். பக்கத்தில் இருந்த அப்பத்தாவே "இன்னும் ரெண்டு போடு" என்றது!

இருவர் சேர்ந்து ஆடலாம் என்பதால்தான் மூன்றாம் பாகம் கேட்கிறேன். இரண்டாவது ஆள் கூய்கி, பச்சைக் கூழ் உருவம். கம்பிக்கதவுக்குள் நுழைந்து போவார், தண்ணீர் பட்டால் கரைந்துவிடுவார்.

டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டதில் ப்ளேஸ்டேஷன் கேசட்டுகள்தான் இருந்தன. விற்பவர்கள் சொல்லுங்கள். மாற்றிக்கொள்வதானாலும் சரி, எங்களிடம் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் இருக்கிறது.

அப்புறம், கூய்கி வந்த பிறகுதான் இருவர் ஆட முடியுமாமே. அதுவரை எவ்வளவு நேரம் ஆகும்? சின்னப் பிள்ளைகளோடு ஆடியவர்கள் எந்தத் தளத்தில் திணறினார்கள் என்றும் சொன்னால் பெரிய உதவி.