எரிவாயு பொருத்திய கணப்படுப்பில் விறகு எரிக்கலாமா?

மயிலாப்பூர் வாசி:
அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய வீடு உள்ளது. அங்குள்ள கருங்கல் கணப்படுப்பில் முன்பு விறகு எரித்தார்கள். பின்னர் சிலிண்டரிலிருந்து குழாய் இழுத்து, பர்னரும் அதன்மேல் விறகு போன்ற பீங்கான் கட்டைகளும் பொருத்திவிட்டார்கள். டிசம்பரில் என் பெற்றோர் சென்னையிலிருந்து சென்று அங்கே தங்கவிருக்கிறார்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு, பீங்கான் கட்டைகளை எடுத்துவிட்டு, பர்னர் மீதே விறகை அடுக்கி எரிக்கலாம் என்கிறார் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். இது சரிதானா?

வேளச்சேரி, எரிவாயுக் குழாய்ப் பணியாளர்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் ஐயா. பர்னர் தனக்கு மேலே எரியும் சுடரைத் தாங்குமே தவிர, தன்மீது மணிக்கணக்கில் கிடக்கும் தணலைத் தாங்காது. சாம்பல் அதன் துளைகளை அடைக்கும். வால்வின் உள்ளிருக்கும் ரப்பர் கருகும். அடுத்த முறை சிலிண்டரைத் திறக்கும்போது வாயு கசியும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தது மேலே போகாமல் தரையோடு படர்ந்து கணப்படுப்பின் அடியிலேயே தேங்கி நிற்கும். ஆகவே பர்னர், வால்வு, ரப்பர் குழாய் மூன்றையும் கழற்றி, உலோகக் குழாயின் முனையை அடுப்புக்கு வெளியிலேயே உலோக மூடியால் அடைத்து, சோப்பு நீர் தடவிக் கசிவு பார்க்க வேண்டும். இதை எரிவாயு முகவரின் மெக்கானிக்கே செய்யட்டும். வாடை வந்தால் மின்சுவிட்சைத் தொடாமல், சன்னல்களைத் திறந்து வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

அண்ணா நகர், கட்டடப் பொறியாளர்:
எரிவாயுவுக்கென்றே செய்யப்பட்ட, மெல்லிய தகரப் புகைக்குழாய் கொண்ட அடுப்பில் எந்நாளும் விறகு எரிக்கக் கூடாது. விறகுப் புகையின் வெப்பம் அதற்கு மிகுதி. உங்களுடையது விறகுக்காகக் கட்டப்பட்டது என்பதால் வழியுண்டு. ஆனால் எரிவாயு வைத்தபோது புகைபோக்கியைக் குறுக்கினார்களா, அடைத்தார்களா என்று முதலில் பாருங்கள். பயன்படாமல் கிடந்த புகைபோக்கியில் பறவைக் கூடும், உதிர்ந்த சாந்தும், தாரைப் போல் ஒட்டிய பழைய கரியும் இருக்கக்கூடும். அந்தக் கரி தீப்பற்றினால் புகைபோக்கியே எரியும். ஈர விறகுதான் அதை மிகுதியாகப் படியவைக்கும் என்பதால், பிளந்து, கூரையின் கீழ் குறைந்தது ஆறு மாதமாவது காய்ந்த தைலமரமோ சீகைக் கட்டையோ வாங்குங்கள். வண்ணம் பூசிய பலகையும் பிளைவுட்டும் வேண்டாம்.

மயிலாப்பூர் வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. விசாரித்ததில், மழைநீர் இறங்காதிருக்கப் புகைபோக்கியின் உச்சியைத் தகரத்தால் மூடியிருப்பதாகச் சொல்கிறார்கள். அதைச் சரிசெய்யும்வரை எரிவாயுவையே பயன்படுத்தலாமா?

அண்ணா நகர், கட்டடப் பொறியாளர்:
கூடாது. உச்சி மூடியிருந்தால் எரிவாயுச் சுடரும் கார்பன் மோனாக்சைடை அறைக்குள்ளேயே விடக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கியவர்கள் விடியலில் எழாத செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். தகரத்தை நீக்கி, மழை படாமல் புகை வெளியேறும் தொப்பி வைக்கும்வரை இரண்டையும் தொட வேண்டாம். அதன் பிறகும் படுக்கையறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துங்கள். தணல் முற்றும் அணையும்வரை புகைபோக்கியின் உள்ளே திறந்து மூடும் தகட்டை மூட வேண்டாமென்று பெற்றோரிடம் சொல்லுங்கள்.