அக்ராவின் வெள்ளம்: ஆற்றங்கரைக் குடியிருப்புகளை அகற்றுவது தீர்வாகுமா?

நீர்வழி:

கானாவின் தலைநகரான அக்ராவில் மே, ஜூன் மாதங்களில் மழை வலுத்ததும் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே பகுதிகள்தாம் மூழ்குகின்றன. 2015 ஜூன் 3 ஆம் தேதி இரவு, குவாமே நுக்ருமா சர்க்கிள் அருகே மழைக்கு ஒதுங்கிய மக்கள் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றிருந்தபோது, வெள்ளத்தில் கலந்து பரவிய எரிபொருள் தீப்பற்றி வெடித்தது. வெள்ளமும் தீயும் சேர்ந்து அன்று 150க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. இத்தனைக்குப் பிறகும் அந்நகரம் தன் நீர்வழிகளை மீட்கத் தயங்குவது எனக்குப் பெரும் வேதனையளிக்கிறது.

நகரின் மழைநீரில் பெரும்பகுதி ஓடாவ் ஆற்றில் சேர்ந்து, சர்க்கிளைக் கடந்து, கோர்லே காயல் வழியாகக் கினி வளைகுடாவை அடைய வேண்டும். அந்தக் காயலின் விளிம்பில்தான் ஓல்ட் ஃபடாமா என்னும் மிகப் பெரிய குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே மரத்தூளையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டி, நீர்ப்பரப்பைச் சிறிது சிறிதாக மேடாக்கி, அதன்மேல் பலகை வீடுகளைக் கட்டிக்கொள்கிறார்கள். வெளியேறும் வாய் குறுகிவிட்டால் மேலே எத்தனை கால்வாய்களை அகலப்படுத்தினாலும் நீர் பின்னோக்கித்தான் ஏறும். ஆகவே கரையோரக் குடியிருப்புகளை முதலில் அகற்ற வேண்டும், மற்றவை பிறகு என்பதே என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

தேமாவாசி:

நீர்வழி ஐயா, வேலையின் பொருட்டுப் பல ஆண்டுகள் அக்ராவை அடுத்த துறைமுக நகரான தேமாவில் குடும்பத்தோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். நீங்கள் சொல்லும் வழியை அந்நகரம் முன்பே கையாண்டு பார்த்துவிட்டது. 2015 பேரழிவு நிகழ்ந்த அதே மாதத்தில், காயலை அகலப்படுத்துவதாகக் கூறி ஓல்ட் ஃபடாமாவின் ஒரு பகுதியை மாநகராட்சி இடித்துத் தள்ளியது. எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. 2021 ஜூலையில், பக்கத்திலிருந்த அக்போக்புளோஷி பழைய இரும்புச் சந்தையும் அகற்றப்பட்டது. வெள்ளம் நின்றதா? அடுத்த ஆண்டே மே மாதத்தில் நகரம் மீண்டும் மூழ்கியது. இரும்பு பிரித்தவர்களும் தொழிலை விட்டுவிடவில்லை. சுற்றியுள்ள சந்துகளுக்குள் சிதறி, முன்பைவிட வீடுகளுக்கு நெருக்கமாக, செம்பைப் பிரித்தெடுக்க அதே மின்கம்பிச் சுருள்களை எரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே இருப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1991 இல் அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்காக நகர மையத்தை ஒழுங்குபடுத்தியபோது, தெருவோர வியாபாரிகளை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டது அரசுதான். 1994 இல் வடபகுதியில் கொன்கொம்பா, நனும்பா மக்களிடையே மூண்ட மோதலுக்குத் தப்பி வந்தவர்கள் அவர்களோடு சேர்ந்தனர். 2009 இல் எடுத்த கணக்கெடுப்பில் அங்குள்ளோர் தொகை 80,000ஐ நெருங்கியிருந்தது. இத்தனை பேரை ஆக்கிரமிப்பாளர்கள் என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை.

மேலும், நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விவாதம் வேறு இடத்துக்குப் போகும். ஓடாவின் வடக்கு வடிநிலத்தில், அடென்டா தொடங்கி அபுரி மலையடிவாரம் வரை, முன்பு மழையை உறிஞ்சிக்கொண்ட புல்வெளிகள் இன்று சிமென்ட் முற்றங்களாகியிருக்கின்றன. அந்தப் பக்கம் போனால், பாதி எழுந்த மாளிகைச் சுவர்களில் சிவப்புச் சாயத்தில் மாநகராட்சி எழுதியிருப்பதைக் காணலாம்: வேலையை நிறுத்து, அனுமதியைக் காட்டு. எழுத்தின்மேல் வெயிலும் மழையும் பட்டு நிறம் மங்கிக்கொண்டிருக்கும். சுவரோ அடுத்த மாடிக்கு உயர்ந்திருக்கும். அங்கே புல்டோசர் போவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

சட்டமாணவி:

இருவரும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். கானாவின் நிலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு அரசின் கையிலோ தனியாரின் கையிலோ இல்லை. மரபுவழித் தலைமைப் பீடங்களும் (குலத்தலைவர்களின் பதவிகள்) குடும்பங்களும் அதன் உரிமையாளர்கள். திட்டமிடும் அதிகாரம் மாவட்ட மன்றத்திடமும், விற்கும் அதிகாரம் பீடத்திடமோ குடும்பத்திடமோ இருப்பதால், வரைபடத்தில் நீர்வழி என்று குறிக்கப்பட்ட மனையும் விலைக்குப் போகிறது. ஒரே மனை இரண்டு மூன்று பேருக்கு விற்கப்படுவதும், வாங்கியவர் தன் மனையைக் காக்க அடியாட்களைக் கூலிக்கு வைப்பதும் பெருகியதால், 2020 ஆம் ஆண்டின் நிலச் சட்டம் அத்தகைய நிலக்காவல் அடியாட்களையே குற்றவாளிகளாக்கியது. ஆனால் அனுமதி வாங்குவதற்கு முன்பே கட்டத் தொடங்கும் வழக்கம் மாறவில்லை. அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் மனை வேறொருவர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே இதற்கு முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

அக்ராவுக்கும் தேமாவுக்கும் இடையிலுள்ள சகுமோனோ சதுப்பு நிலத்தையும் பாருங்கள். 1992 இல் ராம்சார் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்த நிலம் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் இயற்கைத் தொட்டி. அதற்குள் சுற்றுச்சுவர் கட்டி வீடெழுப்பியவர்கள் ஏழைகள் அல்லர். 2022 இல் படைவீரர்களின் பாதுகாப்போடு சில கட்டடங்கள் இடிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த நிலத்தை விற்றவர்களும், அங்கே மின் இணைப்புக் கொடுத்தவர்களும் பொறுப்பேற்கவில்லையென்றால் அந்த இடிப்பால் பயன் என்ன?

நீர்வழி:

சட்டமாணவி அவர்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். சகுமோனோவிலும் இடிக்க வேண்டும், அடென்டாவிலும் இடிக்க வேண்டும். ஆனால் பணக்காரர் தப்பிக்கிறார் என்பது ஏழையை ஆபத்தில் விட்டுவைப்பதற்கான நியாயம் ஆகாது. வெள்ளம் வரும்போது முதலில் நீர் ஏறுவது அந்தப் பலகை வீடுகளில்தான். 2014 இல் காலரா பரவி நாடெங்கும் 20,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது அக்ராவே அதன் மையமாக இருந்தது. கழிவுநீர்மேல் குடும்பம் நடத்துவதை வாழ்வுரிமை என்று பாதுகாப்பது கருணையாகத் தோன்றலாம். நாளடைவில் அது அந்தக் குழந்தைகளுக்கே கேடாக முடியும்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓடாவ் வடிநிலத்துக்காகவே 2019 இல் உலக வங்கி 20 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. அதில் 6.5 கோடி டாலர் பின்னர் கோவிட் செலவுக்குத் திருப்பப்பட்டது. தொற்றுக் காலத்தில் அது தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். என்றாலும் எஞ்சிய பணத்தில் தூர்வாரும் இயந்திரங்கள் இறங்கும்போது அவை நிற்பதற்குக் கரையில் இடம் வேண்டாமா? தூர்வாரிய மண்ணையும் குப்பையையும் எங்கே கொட்டுவது? கரை நெடுக வீடுகள் இருந்தால் வேலை நடக்காது. இது வெறும் பொறியியல் கணக்கு.

தேமாவாசி:

தூர்வாருவதைப் பற்றிச் சொன்னீர்கள்; வாரிய இடம் ஏன் அடுத்த மழைக்குள் மறுபடி நிறைகிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். ஓடாவின் கரையில் நின்று பார்த்தால் நீருக்குப் பதில் பிளாஸ்டிக்தான் தெரியும். குழாய்நீரை நம்ப முடியாத மக்கள் அரை லிட்டர் தண்ணீர்ப் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துக் குடிக்கிறார்கள். காலி உறை திறந்த சாக்கடையில் விழுகிறது. குறுகிய சந்துகளுக்குள் பெரிய லாரி வராது. அபோபோயா என்று அங்கே அழைக்கப்படும் மூன்று சக்கர வண்டிக்காரர்கள்தாம் வீடு வீடாகக் கூலி வாங்கிக் குப்பையை எடுக்கிறார்கள். தேமாவுக்கு அருகிலிருந்த க்போனே குப்பைக் கிடங்கு 2019 தீவிபத்துக்குப் பின் மூடப்பட்டபோது, கொண்டுபோய்க் கொட்டும் தொலைவு கூடியது. தொலைவு கூடினால் கூலி கூடும். கூலி கொடுக்க முடியாத வீட்டின் குப்பை இரவில் சாக்கடைக்குப் போகும். ஓல்ட் ஃபடாமாவை முழுவதும் துடைத்தெடுத்தாலும் நகரம் முழுவதிலிருந்தும் வரும் இந்தக் குப்பை காயலின் வாயில்தான் வந்து அடையும்.

அகற்றியவர்களை எங்கே குடிவைப்பீர்கள் என்ற கேள்விக்கும் உங்களிடம் விடை இல்லை. 2012 இல் சாக்லெமியில் 5,000 வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். எழுந்த 1,500 வீடுகளும் தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்தன. அவை திறந்திருந்தாலும், சந்தையில் தலைச்சுமை தூக்கும் வடபகுதிப் பெண்கள், கயாயேய் என்று அழைக்கப்படுபவர்கள், நகரத்துக்கு வெளியே அவ்வளவு தொலைவில் குடியேற முடியாது. வாரக் கூலியில் வார வாடகை கொடுத்து, ஒரே அறையில் பலர் படுத்து, விடிவதற்குள் தலைத்தட்டோடு சந்தைக்கு நடந்து போகிறவர்கள் அவர்கள். அன்றாடம் ட்ரோட்ரோ என்னும் சிற்றுந்துக்குப் பணம் கொடுத்தால் சாப்பாட்டுக்கு மிஞ்சாது.

சட்டமாணவி:

வாடகை என்று வந்ததால் சொல்கிறேன். 1963 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி 6 மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்பது குற்றம். நடைமுறையிலோ ஓராண்டு, ஈராண்டு வாடகையை மொத்தமாகக் கொடுத்தால்தான் அக்ராவில் சாவி கைக்கு வரும். 2021 கணக்கெடுப்பின்படி நாட்டில் 18 லட்சம் வீடுகள் பற்றாக்குறை. இரண்டாண்டு வாடகையைச் சேர்த்து வைக்க முடியாத ஒருவருக்கு நகர மையத்தில் கிடைக்கும் ஒரே இடம் காயலின் விளிம்புதான். அந்த நெருக்கடியைத் தளர்த்தாமல் எத்தனை முறை இடித்தாலும், இடித்த இடத்திலேயே பலகைகள் மறுபடி எழும்.

நீர்வழி:

அப்படியானால் என் கோரிக்கையை இன்னும் துல்லியமாக வைக்கிறேன். ஓல்ட் ஃபடாமா முழுவதையும் நான் கேட்கவில்லை. நீரோட்டத்தை நேரடியாக அடைக்கும் விளிம்புப் பட்டையை மட்டும் அளந்து குறிக்க வேண்டும். அங்குள்ள குடும்பங்களுக்கு அதே பகுதியின் உட்புறத்தில், சந்தைக்கு நடந்து போகும் தொலைவிலேயே, அடுக்குக் குடியிருப்பு கட்டிக் கொடுத்த பிறகே அகற்ற வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு தேதி வேண்டும். எல்லா அநீதிகளும் தீர்ந்த பிறகுதான் ஆற்றைத் தொடலாம் என்று சொன்னால், அடுத்த ஜூனில் இறப்பவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

தேமாவாசி:

வீடு முதலில், அகற்றுவது பின்னர் என்ற வரிசைக்கு நான் உடன்படுகிறேன்; அந்த அளவில் நம்மிடையே தூரம் குறைந்துவிட்டது. தேதி குறிப்பதில்தான் இன்னும் வேறுபடுகிறேன். மேல்வடிநிலத்தில் சிவப்புச் சாயம் பூசிய கட்டடங்களுக்கும் சகுமோனோவின் சுற்றுச்சுவர்களுக்கும் அதே தேதி, அதே அறிவிப்பில், முகவரியோடு வெளியாக வேண்டும். காயல் விளிம்புக்கு மட்டும் தேதி குறித்தால், அந்தத் தேதி மட்டுமே நிறைவேறும் என்பதை 2015 லும் 2021 லும் பார்த்தாகிவிட்டது.