மாரிஸ் மைனரில் இறுகிப்போன வைப்பர் கேபிள்: விடுவிக்க வழி கேட்கிறேன்

வணக்கம். கோத்தகிரியில் என்னிடம் உள்ள 1960ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் 1000 காரின் வைப்பர் நின்றுவிட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனியோடு தூறலும் சேர்ந்துகொள்ளும் இவ்வூரிலிருந்து, வைப்பர் இல்லாமல் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது.

வைப்பரை இயக்கும் லூகாஸ் மோட்டாரின் மூடியைக் கழற்றி, கேபிளின் முனையைப் பிரித்துவிட்டு இயக்கியபோது மோட்டார் நன்றாகவே சுற்றியது. ஆகவே கோளாறு, டேஷ்போர்டுக்குப் பின்னால் உலோகக் குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடவேண்டிய, சுருள்கம்பி சுற்றிய கேபிளில்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்ததில் பழைய கிரீஸ் கருத்து, மெழுகுபோல் கெட்டியாகிவிட்டது. வைப்பர் கைகள் இரண்டையும் எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயில் மூன்று நாள் ஊறவிட்டு, குறடால் இழுத்ததில் அரை அங்குலம் நகர்ந்து மறுபடியும் பிடித்துக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தால் சுருள் விரிந்து, வைப்பர் கைகளை ஆட்டும் பல்சக்கரத்தோடு பொருந்தாமல் போய்விடும் என்று அஞ்சி நிறுத்திவிட்டேன். (சூடுகாட்டச் சொன்னார் ஒரு மெக்கானிக், பக்கத்திலேயே பழைய ஒயர்கள் ஓடுவதால் எனக்குத் துணிவு வரவில்லை.)

கண்ணாடிக்குக் கீழுள்ள இரண்டு பல்சக்கரப் பெட்டிகளின் பின்தகட்டுத் திருகுகளைத் தளர்த்தினால் போதுமா, அல்லது பெட்டிகளையே வெளியே எடுக்க வேண்டுமா? இந்த வேலையைச் செய்தவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினீர்கள் என்று தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.